தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் மக்கள் அனைவரும் அறிந்த முதுமொழி. வழக்கு மன்றத்திற்கும் வீட்டுச் சச்சரவுக்கும் இம்மொழியை எடுத்தாளும் நாம், பிறர் துன்பத்தைக் காணும்போது மட்டும் இதனை மறந்துவிடுகிறோம். துன்புறுவோரை ஒருமுறை கண்டுவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். 'நேரில் சென்று பார்த்தேன்' என்ற சொல்லுக்கு உலகில் தனி மதிப்பு உண்டு. ஆயின், நேரில் பார்த்தல் அறிதல் ஆகுமா? காட்டப்பட்டதை மட்டும் கண்டு திரும்பியவன் குற்றமற்றவனா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஐரோப்பாவில் ஓர் ஊர் பொருத்தமாக அமைந்திருக்கிறது. அவ்வூரின் பெயர் தெரெசீன்.

செக் குடியரசின் தலைநகராகிய பிராகுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தெரெசீன். இந்நாளில் பிராகுக்கு வரும் வெளிநாட்டார் பலர், வழிகாட்டி ஒருவரின் துணையோடு ஒரே பகலில் யூதரின் பழைய குடியிருப்பையும் தெரெசீனையும் கண்டு, மாலையில் விடுதிக்குத் திரும்பிவிடுகின்றனர். காலையில் பழம்பெருமை, பிற்பகலில் பேரழிவு, இரவில் உணவும் உறக்கமும் என அந்த நாள் கழிகின்றது. இவ்வாறு சென்று பார்ப்பது தகுமா, தகாதா என்பது ஒரு வாதம். வாதத்திற்குப் புகுமுன் அந்தப் பயணி செல்லும் வழியே நாமும் சென்று, அவன் காண்பன எவை என்று அறிவோம்.

பிராகில் யூதர் வாழ்ந்த பகுதிக்கு யோசெபோவ் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதர்மீதிருந்த தடைகள் சிலவற்றைத் தளர்த்திய பேரரசர் இரண்டாம் யோசேப்பின் நினைவாகப் பின்னாளில் இடப்பட்ட பெயர் அது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அவர்கள் மதிலாலும் வாயில்களாலும் பிரிக்கப்பட்ட தனிக் குடியிருப்பிலேயே வாழ்ந்தனர். அத்தகைய குடியிருப்பையே ஐரோப்பியர் 'கெட்டோ' என்பர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நகரச் சீரமைப்பில் அதன் வீடுகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. எஞ்சியவை சில ஜெப ஆலயங்களும், யூதர் நகர மன்றமும், கல்லறைத் தோட்டமுமே. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த 'பழைய-புதிய' ஜெப ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. மன்றத்தின் மேலுள்ள கடிகாரமொன்றில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள் உள்ளன. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவதற்கேற்ப அதன் முட்களும் எதிர்த்திசையில் சுழல்கின்றன. பயணிகள் அதனைக் கண்டு வியந்து படமெடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வியப்புக் குறைந்து அமைதி பிறக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை அங்குப் பிணங்கள் புதைக்கப்பட்டன. தோட்டத்தை விரிப்பதற்குப் போதிய இடம் கிடைக்காமையால், பழைய கல்லறைகளின்மேல் மண் கொட்டி மீண்டும் மீண்டும் புதைத்தனர். ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. வாழ்வோருக்கு இடம் சுருக்கிய ஊரில் இறந்தோரும் நெருங்கியே கிடக்க நேர்ந்தது. ஆனால் அங்கு இறந்தோர்க்குக் கல் உண்டு. கல்லில் ஒரு பெயர் உண்டு. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அடுத்துக் காண்போர்க்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

தோட்டத்தை அடுத்து நிற்பது பிங்காஸ் ஜெப ஆலயம். அதன் உட்சுவர்களில் ஏறத்தாழ 80,000 பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பொஹீமியா, மொராவியா நாடுகளில் வாழ்ந்து நாஜிகளால் அழிக்கப்பட்ட யூதரின் பெயர்கள் அவை. குடும்பம் குடும்பமாக, பெயரும், பிறந்த நாளும், உயிரோடு இருந்ததாகக் கடைசியாக அறியப்பட்ட நாளும் காணப்படுகின்றன. பலருக்கு அக்கடைசி நாள், அவர்கள் கிழக்கு நோக்கி இரயிலில் ஏற்றப்பட்ட நாளேயாகும். ஓவியர் இருவர் 1954 முதல் 1959 வரை இப்பெயர்களைக் கையால் எழுதினர். 1968-க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாலயம் மூடிக் கிடந்தது. சுவரில் ஈரம் ஏறி எழுத்துகள் அழிந்தன. ஆட்சி மாறிய பின் 1990-களில் பெயர்கள் அனைத்தும் மீண்டும் எழுதப்பட்டன. ஒருமுறை எழுதிவிட்டால் நினைவு தானே நிலைத்துவிடாது, திரும்பத் திரும்ப எழுதினால்தான் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனித் தெரெசீன். 1780-இல் கட்டத் தொடங்கிய ஒரு கோட்டை நகரம் அது. மதில்களும் அகழியும் படைவீடுகளும் கொண்ட அவ்வூர், மக்களை அடைத்துவைப்பதற்கென்றே அமைந்ததுபோல் நாஜிகளுக்குத் தோன்றிற்று. 1941 நவம்பர் 24-ஆம் நாள் யூதரின் முதற்கூட்டம் அங்குக் கொண்டுவரப்பட்டது. முன்பு ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 1942 செப்டம்பரில் 58,000-க்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். போர் முடியும்வரை அங்குக் கொண்டுவரப்பட்டோர் 1,40,000-க்கு மேற்பட்டவர். அவர்களுள் 33,000-க்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் அவ்வூரிலேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பிழைத்து மீண்டோர் மிகச் சிலரே. அவ்வூரின் பணி இரண்டு: ஒன்று, கொலைக்களத்துக்கு அனுப்பும் இடைவழி நிலையமாக இருத்தல், மற்றொன்று, யூதர் நலமே வாழ்கின்றனர் என உலகத்தார்க்குக் காட்டும் கண்காட்சியாக இருத்தல். நம் ஆராய்ச்சிக்கு உரியது இந்த இரண்டாவது பணியே.

1943 அக்டோபரில் டென்மார்க்கு நாட்டு யூதர் ஏறத்தாழ 470 பேர் தெரெசீனுக்குக் கொண்டுவரப்பட்டனர். தம் குடிமக்கள் எவ்வாறு இருக்கின்றனர் என்று டென்மார்க்கு அரசு விடாமல் கேட்டுவந்தது. அதன் விளைவாக, பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் சார்பில் ஒருவரும் டென்மார்க்கினர் இருவரும் அவ்வூரைப் பார்வையிட இசைவு பெற்றனர். உடனே ஊரை அழகுபடுத்தும் வேலை தொடங்கிற்று. வீட்டு முகப்புகளுக்கு வண்ணம் பூசினர். எண்ணால் வழங்கிய தெருக்களுக்கு இனிய பெயர்கள் இட்டனர். சதுக்கத்தில் புல்லும் மலரும் வளர்த்து இசை மண்டபம் கட்டினர். கடைகள், காப்பி விடுதி, வங்கி, குழந்தைகளுக்கு விளையாட்டிடம் எல்லாம் தோன்றின. ஊரின் நெரிசல் தெரியாதிருக்கும் பொருட்டு 1944 மே மாதத்தில் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினர். வண்ணம் பூசுவதும் மனிதரை அகற்றுவதும் ஒரே வேலையின் இரு கூறுகளாக நடந்தன.

1944 ஜூன் 23-ஆம் நாள் விருந்தினர் வந்தனர். எந்தத் தெருவில் நடப்பது, எந்த வீட்டினுள் நுழைவது, எவரைச் சந்திப்பது என அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நாஜி அதிகாரிகள் உடன்வர, சிறைப்பட்ட யூதருள் ஒருவரே 'நகரத் தலைவர்' என்ற கோலத்தில் விளக்கம் கூறினார். குழந்தைகள் நடித்த 'புருந்திபார்' என்னும் இசை நாடகத்தையும் அவர்களுக்குக் காட்டினர். செஞ்சிலுவைக் குழுவின் சார்பில் வந்தவர் சுவிட்சர்லாந்தினரான மோரிஸ் ரொசெல். அவர் படங்களும் எடுத்தார். பின்னர் எழுதிய அறிக்கையில் ஊரைப்பற்றி நல்லவிதமாகவே கூறினார். தெரெசீனுக்கு வந்தவர்கள் வேறிடம் அனுப்பப்படுவதில்லை என்றும் அதிற் குறித்தார். அதனை அவர் எழுதும்போது, அங்கிருந்து அனுப்பப்பட்டோர் தொகை பல பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது.

பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்வோம். மே மாதத்தில் அகற்றப்பட்டவர்கள், ஆஷ்விட்ஸ்-பிர்க்கனாவில் தெரெசீனிலிருந்து சென்ற குடும்பங்களுக்கென வைத்திருந்த தனி முகாமில் சேர்க்கப்பட்டனர். வெளியார் கேட்டால் காட்டுவதற்கென்றே அம்முகாமும் வைக்கப்பட்டிருந்தது என்றும், தெரெசீனைப் பார்த்தவர் மனநிறைவு கொண்டதால் அதன் தேவை ஒழிந்தது என்றும் வரலாற்றாசிரியர் கருதுவர். 1944 ஜூலை மாதத்தில் அம்முகாம் கலைக்கப்பட்டு, உழைப்புக்கு ஆகாதோர் எனக் கழிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். தெரெசீனில் அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒரு விளம்பரத் திரைப்படமும் எடுத்தார்கள். அதன்பின் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை 18,000-க்கு மேற்பட்டோர் ஆஷ்விட்ஸுக்குச் சென்றனர். படத்தை இயக்கிய கைதி குர்ட் கெரோனும், நாடகத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் கிராசாவும், நடித்த சிறுவர் பலரும் அவர்களோடு சென்று மாண்டனர். 'நகரத் தலைவர்' பவுல் எப்ஸ்டைன் செப்டம்பர் இறுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆகவே, வழிகாட்டியின் பின்னே ஒருநாட் சுற்றுலா என்பது தெரெசீனுக்குப் புதியதன்று. முதற் சுற்றுலா 1944-இலேயே நடந்துவிட்டது. இன்று அங்குச் செல்லும் பயணி எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இதுவே. தான் நடக்கும் அதே வீதியில், தன்னைப் போலவே ஒரு பகற்பொழுதுக்கு வந்து, தன்னைப் போலவே படமெடுத்துச் சென்ற ஒருவர் இருந்தார். அவர் கண்ணிருந்தும் காணவில்லை.

அவர் கொடியவரா? அவ்வாறு கூறுவது எளிது, உண்மையாகாது. அவர் குறையை மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, அவர் இருப்பவரைக் கண்டார், இல்லாதவரைக் கேட்கவில்லை. நேற்று இங்கிருந்தவர் இன்று எங்கே என்ற ஒரு வினாவே அந்த அட்டை வீட்டைச் சரித்திருக்கும். இரண்டாவது, உண்மையைச் சொல்லும் பாரத்தைத் துன்புற்றவர் தலையிலேயே ஏற்றினார். 1979-இல் திரைப்பட இயக்குநர் கிளாத் லான்ஸ்மான் அவரைக் கண்டு பேசியபோது, அன்று எவரும் தமக்கு ஒரு குறிப்பும் காட்டவில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அறிக்கையில் மீண்டும் கையெழுத்திடத் தயங்கமாட்டார் என்றும் அப்பேச்சிலிருந்து அறிகிறோம். வாய் திறந்தால் உயிர் போகும் நிலையில் உள்ளவன் ஏன் பேசவில்லை என்று, பேசினாலும் உயிர் போகாத நிலையில் உள்ளவன் கேட்பது எத்தகைய நீதி? மூன்றாவது, தமக்கிட்ட வேலையின் எல்லையையே அறத்தின் எல்லையாகக் கொண்டார். கண்டதை எழுதுவது தம் வேலை, காணாததை எழுதுவது தம் வேலையன்று என்பது அவர் வாதம். இம்மூன்றும் ஒரு தனி மனிதரின் குறைகளா? நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்வன அல்லவா?

இதற்கு மாறாக, அதே ஊரில் உண்மையாகப் பார்த்த ஒரு சிறுவனும் இருந்தான். L417 என்ற எண்ணுள்ள பழைய பள்ளிக் கட்டடத்தில் சிறுவர் சிலர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் 1942 டிசம்பர் முதல் 1944 வரை 'வேதெம்' என்ற இதழை இரகசியமாக நடத்தினர். ஒரே படி, வெள்ளிக்கிழமைதோறும் உரக்கப் படிப்பார்கள். அதன் ஆசிரியன் 1928-இல் பிறந்த பெத்ர் கின்ஸ். அவன் ஊரைச் சுற்றி வந்து, அடுமனை, பிணஞ்சுடும் கூடம் முதலியவற்றுக்குச் சென்று, அங்கு வேலை செய்வோரிடம் கேட்டறிந்து, தொடர்ந்து எழுதினான். அவனுக்கு வழிகாட்டியும் இல்லை, விருந்தும் இல்லை, ஆயின் கேட்கும் துணிவு இருந்தது. பதினாறாம் வயதில் அவனும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான். இதழின் ஏறத்தாழ 800 பக்கங்கள் எஞ்சின. அயலார் ஒரு பகலில் காணாததை, அடைபட்ட சிறுவன் வாரந்தோறும் கண்டெழுதினான். பார்வை என்பது பதவியைப் பொறுத்ததன்று என்பதை இதனால் அறிகிறோம்.

பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய அம்மையாரும் அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். தாம் வரைந்ததில் தம் பெயரை எழுதுமாறு அவர்களைப் பழக்கினார். எண்ணாக மாற்றப்பட்டோர்க்குப் பெயரைத் திருப்பித் தருவது எத்துணைப் பெரிய அறம்! 1944 அக்டோபரில் அவரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளின் ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இரு பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டுப் பிராக் வந்து சேர்ந்தன. அதே காலத்தில் கொலைஞர் செய்ததையும் பார்க்க வேண்டும். 1944 நவம்பரில், சேமித்து வைத்திருந்த ஏறத்தாழ 22,000 பேரின் சாம்பலை ஓஹ்ரே ஆற்றில் கொட்டச் செய்தனர். இறந்தோரின் சாம்பலுக்கும் அவர்கள் அஞ்சினர். நினைவு வலிமையற்றதாயின் கொலைஞன் அதற்கு அஞ்சுவானேன்?

இனி வாதத்திற்கு வருவோம். துன்பம் நிகழ்ந்த இடத்தைக் கட்டணம் கொடுத்துச் சுற்றிப்பார்ப்பது இழிவன்றோ என்பர் சிலர். வேடிக்கை பார்ப்பதற்காயின் இழிவே. ஆயின் எவரும் செல்லாதொழிந்தால் என்னாகும்? போருக்குப் பின் 1947-லேயே தெரெசீனில் நினைவகம் அமைந்தது. எனினும் அரசியற் கைதிகளை அடைத்திருந்த சிறுகோட்டையே அதில் முதன்மை பெற்றது. யூதர் யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால் அழிக்கப்பட்ட கதை நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது. கெட்டோவுக்குரிய காட்சியகம், சிறுவர் இதழ் நடத்திய அதே L417 கட்டடத்தில், 1991-இல்தான் திறக்கப்பட்டது. நினைவகமும் மறைக்கக் கூடும் என்பது இதனால் விளங்கும். மக்கள் சென்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் மறைந்தது வெளிப்படும். எனவே, செல்வதா வேண்டாமா என்பதன்று வினா. எப்படிச் செல்வது என்பதே வினா.

பழந்துன்பத்தை நினைப்பது பகையை வளர்க்காதா என்பர் வேறு சிலர். பகையைப் பகையால் தணிக்க முடியாது என்னும் பெருமான் போதனையைக் கைக்கொண்ட நாம் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாலி மொழியில் 'ஸதி' என்ற சொல்லுக்கு நினைவு என்பதும் பொருள். விழிப்பு என்பதும் பொருள். நினைவை விட்டொழிப்பது சாந்தமன்று, அது உறக்கம். பகை வேண்டுவது ஒரு பகைவனின் முகத்தை. நினைவு வேண்டுவது நடந்தது நடந்தவாறே தெரிதலை. பிங்காஸ் ஆலயத்துச் சுவரில் கொன்றவர் பெயர் ஒன்றேனும் இல்லை. இறந்தோர் பெயரே உள்ளன. அச்சுவர் எவரையும் பழிவாங்கக் கூப்பிடவில்லை. இவர் இருந்தார், இவரும் இருந்தார் என்று மட்டும் சொல்லி நிற்கிறது. நடந்ததை மறைத்துவிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர், எதை மன்னிக்கச் சொல்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

அயல்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்ற கேள்வியும் எழலாம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நம்மவர் குடியிருப்பைக் குறிக்கக் 'கெட்டோ' என்ற அதே சொல்லை டாக்டர் அம்பேத்கர் ஆண்டுள்ளார். இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு துன்பத்துக்கும் தனி வரலாறு உண்டு, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளப்பது இரண்டுக்கும் அநீதி. ஆயின் பார்வையிட வருவோரைப் பற்றி நமக்குத் தெரியும். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ஒரே இரவில் தெருவைப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்து, நாலு பேருக்குப் புதுத்துணி உடுத்தி நிறுத்துவதும், அவர் பார்த்து மகிழ்ந்து காரில் ஏறுவதும் நாம் அறியாதன அல்ல. காட்டப்படுவோர் இடத்தில் நின்றவர்கள் நாம். நாமே காணச் செல்வோராகும்போது, அந்த அதிகாரியைப் போல் கண்டு திரும்பலாமா?

ஆகையால், துன்பம் நிகழ்ந்த எந்த இடத்துக்குச் செல்வோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் மூன்று. நான் நடக்கும் இப்பாதையை வகுத்தவர் யார்? இங்கே இருக்க வேண்டியவருள் இல்லாதவர் எவர்? அறிந்தபின் நான் என் ஊரில் எதைக் கேளாதிருக்கிறேன்? முதலிரண்டும் அறிவைத் தரும். மூன்றாவதே அறத்தைத் தரும். தெரெசீனைக் கண்டு கண்ணீர் விட்டவன், தன் தெருக்கோடியில் உள்ளவரின் நிலையை விசாரியாதிருப்பானாயின், அவன் சென்று வந்தது சுற்றுலாவே.

1944-இல் வந்த விருந்தினர்க்கு அவ்வூர் ஒரு பகல் திறந்திருந்தது. கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை, கதவு மூடிக்கொண்டது. இன்று கதவு திறந்தே இருக்கிறது; கேட்பாரைத் தண்டிப்பாரும் இல்லை. நண்பர்களே, எங்கும் செல்லுங்கள், எதையும் பாருங்கள், ஆனால் பார்த்ததோடு நில்லாதீர்கள். தீர விசாரியுங்கள்.